மோசி-ஓ-துன்யா: ரெண்டு தடவ போனேன், ரெண்டும் வேற வேற அருவி

ஜாம்பியா தலைநகர் லுசாக்காவுக்கு நாங்க குடிவந்து ஆறு வருஷம் ஆகப்போகுது, ஊர்ல இருந்து யார் போன் பண்ணாலும் ரெண்டே கேள்விதான், சிங்கம் பாத்தியா, விக்டோரியா அருவி பாத்தியா. சிங்கம் இன்னும் பாக்கல. அருவிய ரெண்டு தடவ பாத்துட்டேன், 2023 ஏப்ரல்ல ஒரு தடவ, 2024 அக்டோபர்ல ஒரு தடவ. ரெண்டையும் சேத்து எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு, ஏன்னா ஒண்ண மட்டும் எழுதுனா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

முதல்ல பேரு. இங்க யாரும் அவ்வளவா விக்டோரியான்னு சொல்றதில்ல, மோசின்னுதான் சொல்றாங்க, முழுப் பேரு மோசி-ஓ-துன்யா, முழங்குற புகைன்னு அர்த்தம். ஜாம்பியாவுல ஒரு பீருக்குக்கூட மோசின்னுதான் பேரு. அதுக்கும் முன்னாடி இருந்து அந்தப் பக்கத்துலயே வாழ்ற டோங்கா ஜனங்க ஷுங்கு நமுதிதிமான்னு சொல்வாங்க, கொதிக்கிற தண்ணின்னு வச்சுக்கலாம். 1855 நவம்பர் 16ஆம் தேதி ஸ்காட்லாந்துப் பாதிரியார் டேவிட் லிவிங்ஸ்டன் வந்து பாத்துட்டு அவங்க ஊர் ராணி விக்டோரியா பேர வச்சுட்டுப் போனாரு, நாம புத்தகத்துல அவர் கண்டுபிடிச்சார்னு படிச்சோம். அவர படகுல ஏத்தி, நடு ஆத்துல இருக்கற தீவு வரைக்கும் கூட்டிட்டுப் போயி, எட்டிப் பாருங்கன்னு காட்டுனதே அந்த ஊர் ஆளுங்கதான். அந்தத் தண்ணில எந்தப் பாறைக்கு நடுவுல துடுப்பு போட்டா அருவிக்குள்ள போகாம தீவுல போய் ஒதுங்கலாம்னு தெரிஞ்சவங்க இருந்திருக்காங்க, அதுக்கு எத்தன தலமுறை ஆத்தோட பழகியிருக்கணும், அத நெனச்சா எனக்கு கண்டுபிடிச்சாருங்கற வார்த்தையே பிடிக்கல. யுனெஸ்கோ 1989ல உலகப் பாரம்பரிய இடமா சேத்தப்ப ரெண்டு பேரையும் போட்டுத்தான் சேத்தாங்க, அது ஒரு நிம்மதி.

சரி, முதல் தடவ. ஈஸ்டர் லீவு, புனித வெள்ளி அன்னைக்கு காலைல அஞ்சு மணிக்கு நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பையன் மூணு பேரும் கெளம்பிட்டோம். லுசாக்காவுல இருந்து லிவிங்ஸ்டன் டவுன் 470 கிலோமீட்டர் சொச்சம், தெக்கால ஒரே ரோடு. காஃபுவே ஆத்துப் பாலம் தாண்டி மசபூக்கா வந்ததும் ரெண்டு பக்கமும் கரும்பு, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கரும்பு, ஜன்னலத் தெறந்தா மில் வாசனை, மோகனூர் பக்கம் பொறந்து வளந்த எனக்கு அந்த வாசனை போதும். அப்புறம் மோன்ஸே, சோமா, அங்கங்க நிறுத்தி புளியோதரை சாப்ட்டு, சோளக்கருது வாங்கித் தின்னு, மத்தியானத்துக்கு மேல போய்ச் சேந்தோம்.

லிவிங்ஸ்டனுக்கு கொஞ்சம் முன்னாடியே வீட்டுக்காரர் சொன்னாரு, "அங்க பாரு, எங்கயோ காடு எரியுது." தெக்கு மூலைல வெள்ளையா ஒரு தூண் மாதிரி நின்னுச்சு. எரியற புகைன்னா கறுப்பு கலந்து சாஞ்சு போகும், இது சுத்த வெள்ளை, ஒரே எடத்துல இருந்து எழும்பி மேல போய் மேகத்தோட சேந்துக்குது. ரோட்டோரத்துல தக்காளி வித்துட்டு இருந்த அம்மாகிட்ட கையக் காட்டிக் கேட்டேன், அவங்க தக்காளிய எடுத்து பையில போட்டுக்கிட்டே "மோசி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாங்க. வெள்ள மாசத்துல அந்தச் சாரல் 400 மீட்டருக்கு மேல எழும்பும், 50 கிலோமீட்டர் தள்ளி இருந்துகூட தெரியும்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜ் முத்தத்துல உக்காந்திருந்தோம், டவுன்ல இருந்து அருவி பத்து கிலோமீட்டர் இருக்கும், ஆனாலும் டவுன் அடங்குனதுக்கு அப்புறம் ஒரு சத்தம் வந்துட்டே இருந்துச்சு, தூரத்துல கூட்ஸ் வண்டி போயிட்டே இருக்கற மாதிரி, போய் முடியவே முடியாத வண்டி. மேல பெரிய நிலா. நல்ல நிலாவா இருக்கேன்னு பேசிட்டு தூங்கப் போயிட்டோம். இத ஞாபகம் வச்சுக்கோங்க.

அருவி ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவுல எல்லைல இருக்கு. காலைல ஒம்பது மணிக்கு ஜாம்பியா பக்கத்து கேட்டுல டிக்கெட் வாங்குறப்ப கவுண்டர்ல இருந்த பொண்ணு கேட்டுச்சு, நேத்து ராத்திரி ஏன் வரல, பௌர்ணமிய ஒட்டி ராத்திரியும் கேட்டு தெறந்து விடுவோமே, நிலா வெளிச்சத்துல வானவில் வரும்னு. எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. நிலாவுக்கு வானவில்லா? ஆமா, சாரல் நெறைய இருக்கற மாசங்கள்ல, வானம் தெளிவா இருந்தா, முழு நிலாவுக்கு எதிர்ப்பக்கம் சாரல்ல வளையம் விழும், கண்ணுக்கு வெளிர் வெள்ளையாத் தெரியும், கேமராவ கொஞ்ச நேரம் தெறந்து வச்சா கலரே வரும். ஈஸ்டர் வர்றதே பௌர்ணமிய ஒட்டித்தான், அது தெரிஞ்சும் எங்களுக்குத் தோணல. அந்த நிலாவ முத்தத்துல உக்காந்து பாத்துட்டு தூங்குனத நெனச்சு இன்னைக்கும் மனசு ஆறல.

உள்ள போனதும் வாடகைக்கு ரெயின்கோட் தர்றாங்க. வெயில் சுள்ளுன்னு அடிக்குது, இதுல எதுக்கு ரெயின்கோட்டுன்னு பையன் கேட்டான். அம்பது அடி நடந்தோம், மழை ஆரம்பிச்சிடுச்சு. மேல பாத்தா நீல வானம், ஒரு துளி மேகம் இல்ல, ஆனா கொட்டுது. அருவில விழுந்த தண்ணி பள்ளத்துக்குள்ள அடிச்சு, காத்தோட மேல எழும்பி வந்து, நம்ம தலைக்கு மேல போயி, அப்புறம் மழையா விழுகுது. அந்த மழை விழற எடத்துல மட்டும் ஒரு காடு வளந்திருக்கு, அத்தி மரம், பனை, பெரணிச் செடி, பாறையெல்லாம் பாசி. அத விட்டு கொஞ்சம் தள்ளிப் போனா காஞ்ச புதர்க்காடு. சாரல் எட்டுற எல்லைய அந்தப் பச்சையே காட்டிக் குடுக்குது.

இப்ப இந்த அருவி எப்படி அமைஞ்சிருக்குன்னு சொல்லிடறேன், இல்லன்னா அடுத்து சொல்றது புரியாது. நம்ம ஊர்ல அருவின்னா மலைல இருந்து விழும், நாம கீழ நின்னு அண்ணாந்து பாப்போம். இங்க மலையே கிடையாது. சாம்பேசி ஆறு சமவெளியா, தீவும் திட்டுமா, 1.7 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து வருது, வர்ற வழில தரையிலயே குறுக்க ஒரு வெடிப்பு, அதுக்குள்ள மொத்த ஆறும் தொபீர்னு விழுந்துடுது. அதிகபட்ச ஆழம் 108 மீட்டர். நாம நிக்கறது அந்த வெடிப்புக்கு எதிர்க்கரைல, அருவியோட உச்சிக்கு நேர்மட்டமா. நமக்கும் அருவிக்கும் நடுவுல வெடிப்பு மட்டும்தான். விழுந்த தண்ணி எல்லாம் வெளிய போறதுக்கு சுமார் 110 மீட்டர் அகலத்துல ஒரே ஒரு வாசல். அவ்வளவு அகலமா வந்த ஆறு அந்த வாசல்ல நுழையறப்ப என்ன கொந்தளிப்பு கொந்தளிக்கும்னு யோசிச்சுக்கோங்க, அந்த எடத்துக்கு கொதிக்கிற பானைன்னே பேரு வச்சிருக்காங்க.

இவ்வளவும் நான் படத்துல பாத்துட்டுப் போனது. நேர்ல எதுவுமே தெரியல. நெஜமா சொல்றேன், ஏப்ரல் மாசம் ஜாம்பியா பக்கம் நின்னு நான் அருவியப் பாக்கவே இல்ல. வெள்ளை, வெறும் வெள்ளை. அப்பப்ப காத்து மாறி ஒரு நொடி தெரை விலகும், கறுப்பா ஒரு பாறை விளிம்பு, அது மேல கண்ணாடி மாதிரி வழவழன்னு பச்சையா வளையற தண்ணி தெரியும், அய்யோன்னு சொல்றதுக்குள்ள மூடிக்கும்.

அங்க கத்தி முனைன்னு ஒரு சின்ன நடைபாலம் இருக்கு, ஒரு திட்டுக்கும் இன்னொரு திட்டுக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் பள்ளம். அதுல கால வச்சதுல இருந்து கரை சேர்ற வரைக்கும் நடந்தத எப்படி எழுதறதுன்னு தெரியல. தண்ணி மேல இருந்து மட்டும் வரல, கீழ இருந்து வந்துச்சு, பாலத்து இடுக்கு வழியா மொழங்கால்ல அடிச்சு ரெயின்கோட்டுக்குள்ள ஏறி கழுத்து வழியா வெளிய வந்துச்சு. கண்ணாடிய கழட்டிட்டேன், எமை மேல துளித்துளியா நிக்குது, கண்ண மூடித் தெறந்தா உள்ள போகுது, உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, ஜில்லுனு நல்ல தண்ணி. சத்தம் காதுல கேக்கறத விட நெஞ்சுக்கூட்டுல கேக்குது. பையன் என் கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றான், வாய் அசையறது தெரியுது, குரல் வரல, குனிஞ்சு காத அவன் வாய்கிட்ட வச்சேன், அப்பயும் மூச்சுக் காத்துதான் பட்டுச்சு. அப்புறம் என் கைய இழுத்து கீழ காட்டுனான். பாத்தேன். எங்க காலடிக்குக் கீழ, பள்ளத்துக்குள்ள, வானவில். வில் இல்ல அது, வளையம், கிட்டத்தட்ட முழு வட்டம், அதுக்கு வெளிய மங்கலா இன்னொண்ணு. காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால அப்படி விழுந்திருக்கு. பாலத்த விட்டு நகர்ந்தா அதுவும் கூடவே நகருது. நான் அழுதேன். மூஞ்சி பூரா தண்ணியா இருந்ததால யாருக்கும் தெரியல.

திரும்பி வந்து ரெயின்கோட்டக் குடுத்துட்டு ஈரத்தோட வெயில்ல நின்னோம். போட்டோல பாத்தா எல்லாமே வெள்ளைத் தாள் மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு பபூன் குரங்கு வந்து பையன் கைல இருந்த முறுக்குப் பாக்கெட்ட பிடுங்கிட்டுப் போயிடுச்சு, அங்க சாப்பாட்டுப் பொருள கைல வச்சுக்கிட்டு நடக்காதீங்க, பெரிய பல்லு அதுகளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஏன் ஏப்ரல்ல இப்படின்னு படிக்க ஆரம்பிச்சேன். மழை நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான், ஏப்ரல்ல வானம் வெளுத்துடும், ஆனா அருவி உச்சத்துல இருக்கறது ஏப்ரல்லதான். எப்படின்னா ஜாம்பியாவோட மேக்குப் பக்கம் பரோட்ஸேன்னு பெரிய வெள்ளச் சமவெளி இருக்கு, மழை முடியற சமயத்துல சாம்பேசி அங்க கரை தாண்டி பரவி நின்னுடும், ஏரி மாதிரி. அங்க இருக்கற லோசி ஜனங்களோட ராஜா, லித்துங்கான்னு சொல்றாங்க, லியாலுயில இருக்கற அரண்மனைய விட்டு மேட்டுல இருக்கற லிமுலுங்காவுக்கு பெரிய படகுல ஊரோட போவாரு, குவொம்போக்கான்னு அதுக்குப் பேரு, தண்ணிய விட்டு வெளிய வர்றதுன்னு அர்த்தம். அந்தச் சமவெளி மெதுவா வடிய வடிய, வாரக்கணக்குல கழிச்சு வெள்ளம் அருவிக்கு வருது. நாம பாலத்துல நின்னு நனைஞ்ச தண்ணி அதுக்கு முன்னாடி ஒரு நாட்டோட வயல், வீட்டுத் திண்ணை எல்லாத்தையும் தொட்டுட்டு வந்த தண்ணி. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த வெள்ளைப் போட்டோக்கள அழிக்க மனசு வரல.

இனி ரெண்டாவது தடவ. 2023-24 மழை பொய்ச்சுப் போச்சு. எல் நினோ, பசிபிக் கடல் சூடாகி மழைய மாத்திப் போடுற சங்கதி. மக்காச்சோளம் காஞ்சுது, 2024 பிப்ரவரி 29ஆம் தேதி அதிபர் ஹிச்சிலேமா வறட்சிய தேசியப் பேரிடர்னு அறிவிச்சாரு. ஜாம்பியாவுக்கு கரண்டு பெரும்பாலும் தண்ணில இருந்துதான் வருது, அதுலயும் முக்கியம் கரீபா அணை, அது சாம்பேசிலயே அருவிக்குக் கீழ்ப்பக்கம் இருக்கு. அருவில விழற தண்ணிதான் போய் கரீபாவுல தேங்குது. அந்த வருஷம் லுசாக்காவுல ஒரு நாளைக்கு மூணு நாலு மணி நேரம் கரண்டு இருந்தாலே பெரிசு. ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், எந்திரிச்சு மாவாட்டி, துணி மெஷின்ல போட்டு, போனெல்லாம் சார்ஜ் போட்டுட்டு அஞ்சு மணிக்குத் தூங்குவேன். அந்த நேரத்துலதான் செப்டம்பர்ல மாமாவும் அத்தையும் ஊர்ல இருந்து வந்தாங்க.

மாமா மேட்டூர்காரரு. டனல் பவர்ஹவுஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, இன்னைக்கும் காலைல எந்திரிச்சதும் பேப்பர்ல அணை நீர்மட்டம் பாத்துட்டுத்தான் காபி. வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், ஜூலை கடைசில, மேட்டூர் 120 அடி தொட்டு பதினாறு கண் மதகுல தண்ணி விட்டிருந்தாங்க, அத போன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தாரு. வந்த முதல் நாளே கரண்டு போனதும் கேட்டாரு, "ஏம்மா, உங்க அணை இப்ப எவ்வளவு நிக்குது?" எனக்குத் தெரியல. ஆறு நாள்ல அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. கரீபாவுல மின்சாரம் எடுக்கற மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 475.5 மீட்டர்ல இருந்து 488.5 மீட்டர் வரைக்கும், மொத்தமே 13 மீட்டர்தான், அதுல அடிமட்டத்துக்கிட்ட கெடக்குது தண்ணின்னு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாரு. 1959ல கட்டி முடிச்ச அணை, கொள்ளளவுல உலகத்துலயே பெரிய செயற்கை ஏரி. அந்த ஏரிக்காக டோங்கா ஜனங்க 57,000 பேர ஆத்தங்கரைல இருந்து காலி பண்ண வச்சாங்க. மேட்டூர் அணைக்குள்ளயும் பழைய ஊருங்க முழுகிக் கெடக்கு, தண்ணி ரொம்ப எறங்குனா பழைய கோயில் நந்தி, சர்ச்சுக் கோபுரம் எல்லாம் வெளிய தலை காட்டும், அத சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவரு மாமா. 57,000ன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் பேசல.

அக்டோபர்ல அருவிக்குக் கூட்டிட்டுப் போனோம். இந்த நாட்டுல அக்டோபர்தான் உச்ச வெயில். ரோட்டுல இந்தத் தடவ வெள்ளைத் தூண் எதுவும் தெரியல. ஜாம்பியா பக்கத்துல ரெயின்கோட் வாடகைக்குத் தர்ற எடம் வெறிச்சோடிக் கெடந்துச்சு. அதே வழில நடந்தோம், தரை காஞ்சு, சருகு மிதிபடற சத்தம் கேக்குது. கத்தி முனைப் பாலத்துல ஏறி நின்னோம்.

எதிர்ல பாறை. கறுப்பும் பழுப்புமா, செங்குத்தா, நூறு மீட்டர் சுவரு. நான் ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நனைஞ்சு நின்ன அதே எடம், எதிர்ல அருவியே இல்ல. தூரத்துல ரெண்டு மூணு எடத்துல நூல் மாதிரி தண்ணி எறங்குது. அத்தை என் மூஞ்சியப் பாத்தாங்க, இதுக்கா எட்டு மணி நேரம் கூட்டிட்டு வந்தேன்னு கேக்கல, ஆனா அந்தக் கேள்வி இருந்துச்சு. எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு.

மாமாதான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அசையாம அந்தச் சுவரையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் கூப்ட்டாரு, "இங்க வாம்மா. அடுக்கு தெரியுதா பாரு." தெரிஞ்சுது. படுக்கை வசமா வரி வரியா, ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல ஓடி வந்த எரிமலைக் கொழம்பு, ஆறின கல்லு, சுமார் 18 கோடி வருஷத்துக்கு முந்தினது. ஆறுனப்ப அதுல வெடிப்பு விழுந்துச்சு, அந்த வெடிப்புக்குள்ள அப்புறம் களிமண்ணும் சுண்ணாம்பும் போய் அடைஞ்சிடுச்சு, அது மெத்துன்னு இருக்கும், கல்லு மாதிரி தாங்காது. ஆறு வந்து அந்த மெத்துன்னு இருக்கற கோட்டத்தான் அரிச்சுத் தோண்டும். ஒரு வெடிப்பு முழுசா அரிச்சதும் அதுக்குப் பின்னாடி இருக்கற அடுத்த வெடிப்ப பிடிக்கும். இப்படி அருவி பின்னாடி பின்னாடி நகந்து போயிட்டே இருக்கு. கீழ்ப்பக்கம் பள்ளத்தாக்கு வளைஞ்சு வளைஞ்சு போகுதே, ஒவ்வொரு வளைவும் ஒரு காலத்துல அருவி விழுந்த எடம். ஏப்ரல்ல இது எதையும் பாத்திருக்கவே முடியாது, எல்லாத்தையும் தண்ணி மூடி வச்சிருந்துச்சு. தண்ணி எறங்குனாத்தான் தெரியும்னு மாமா சொன்னாரு, அவரு நந்தியையும் சேத்துத்தான் சொல்லியிருப்பாருன்னு நெனக்கறேன்.

ஒண்ணு இங்க சொல்லியாகணும். வறட்சி வந்தா விக்டோரியா அருவி வத்திப்போச்சுன்னு போட்டோ சுத்தும், 2019லயும் சுத்துச்சு. அதெல்லாம் இந்தக் கிழக்கு ஓரத்துப் போட்டோ. இந்தப் பக்கம் ஆத்துப் படுகை கொஞ்சம் மேடு, அதனால நல்ல வருஷத்துலயே அக்டோபர், நவம்பர்ல மெலிஞ்சுதான் போகும். அதோட இந்தப் பக்கம் மேல இருந்து தண்ணிய வாய்க்கால்ல திருப்பி கீழ மூணாவது பள்ளத்தாக்குல ஒரு பவர்ஹவுஸ் ஓட்டறாங்க, 108 மெகாவாட், தேக்கி வைக்க பெரிய அணை எல்லாம் இல்ல, ஓடற தண்ணியதான் எடுக்கறாங்க. மாமா இத கேட்டதும் முகம் மலந்து போச்சு. சுவரு காஞ்சு கெடக்கறதுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. அதுக்காக அவங்கள குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது, ராத்திரி ரெண்டு மணிக்கு மாவாட்டுனவளுக்கு அந்த 108 மெகாவாட்டோட அருமை தெரியும். ஆனா அருவி செத்துப்போச்சுன்னு எழுதறவங்க ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயி ஜிம்பாப்வே பக்கம் பாத்துட்டு எழுதணும்.

அடுத்த நாள் அதத்தான் செஞ்சோம். விசா எடுத்து, ரெண்டு நாட்டையும் சேக்கற பெரிய பாலத்து மேல நடந்தே போனோம். அந்தப் பாலமே தனிக் கதை. 1905ல தெறந்தது, ரயிலும் லாரியும் மனுஷங்களும் ஒரே பாலத்துல, கீழ 128 மீட்டர் பள்ளம். இங்கிலாந்துல துண்டு துண்டா செஞ்சு கப்பல்ல பெய்ரா துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ரயில்ல ஏத்தி இங்க பூட்டுனாங்க. ரயில் போறப்ப பெட்டி மேல சாரல் படணும்னு ஆசைப்பட்டவரு இந்தப் பக்கமெல்லாம் ஆங்கிலேய ஆட்சிய பரப்புன செசில் ரோட்ஸ், அவரு இந்த அருவிய ஒரு தடவகூட பாக்காம 1902லயே போய்ச் சேந்துட்டாரு. தெறந்து வச்சது சார்லஸ் டார்வினோட மகன் ஜார்ஜ் டார்வின். மாமா ஒவ்வொரு ரிவிட்டா தடவிப் பாத்துட்டு வந்தாரு, அந்த வெயில்ல அரை மணி நேரம் ஆச்சு பாலத்தத் தாண்ட. பழைய ஜிம்பாப்வே நூறு டிரில்லியன் டாலர் நோட்டு விக்கற பசங்க கூடவே வந்தாங்க, பையனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தோம், ஒண்ணுக்குப் பின்னாடி எத்தன சைபர்னு எண்ணிட்டே நடந்தான்.

ஜிம்பாப்வே பக்கம் நொழஞ்சு மேக்கு ஓரத்துக்குப் போனா, சத்தம். அந்தச் சத்தம்! கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. அங்க பிசாசு அருவின்னு ஒண்ணு இருக்கு, மத்த எடத்த விட உயரம் கம்மி, ஏன்னா ஆறு அங்கதான் இப்ப அடுத்த வெடிப்ப தோண்ட ஆரம்பிச்சிருக்கு, அதனால தண்ணி எவ்வளவு கொறைஞ்சாலும் கடைசி வரைக்கும் அங்க ஓடும். நொப்பும் நொரையுமா முட்டி மோதி எறங்குது. அதுக்கு அடுத்து பெரிய அருவி, தெரை தெரையா, நடுவுல பாறையும் தெரியுது, தண்ணியும் தெரியுது, அடிவரைக்கும் தெரியுது. ஏப்ரல்ல நான் ஒரு நொடி ஒரு நொடியா திருடிப் பாத்தத இங்க உக்காந்து பாத்தேன். சாரல் லேசா, நம்ம ஊரு மார்கழிப் பனி மாதிரி.

அத்தை செருப்பக் கழட்டிட்டாங்க. ஓரத்துல புல்லு நனைஞ்சிருந்துச்சு, குனிஞ்சு அந்த ஈரத்த விரல்ல தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாங்க, பையன் நெத்தியிலயும் வச்சாங்க. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர்ல காவேரிக்கு என்ன செய்வாங்களோ அதேதான். பக்கத்துல நின்ன ஜிம்பாப்வே காவலர் ஒருத்தரு தொப்பிய எடுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. யாரும் எதுவும் பேசிக்கல.

எந்த மாசம் போகலாம்னு நெறைய பேர் கேக்கறாங்க. மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும் போனா நனையலாம், பாக்க முடியாது. ஜூன் கடைசி, ஜூலைல போனா தண்ணியும் இருக்கும், தெரை விலகியும் இருக்கும், ஒரே தடவதான் வர முடியும்னா அப்ப வாங்க, ரெண்டு பக்கமும் பாருங்க. அக்டோபர்ல வர்றதா இருந்தா கட்டாயம் ஜிம்பாப்வே பக்கத்துக்கு விசா எடுத்துக்கோங்க, ஆனா ஜாம்பியா பக்கத்து அந்தக் காஞ்ச சுவரையும் பாக்காம போயிடாதீங்க. என்னக் கேட்டா ரெண்டு தடவ வாங்க.

மாமாவும் அத்தையும் டிசம்பர்ல ஊருக்குப் போயிட்டாங்க. போனதுல இருந்து தெனமும் காலைல எனக்கு வாட்ஸப்ல ரெண்டு வரி வரும், முதல் வரி மேட்டூர், ரெண்டாவது வரி கரீபா. இந்த வருஷம் மழை பரவால்ல, போன வாரம் ரெண்டாவது வரிக்குக் கீழ மூணாவதா ஒரு வரி இருந்துச்சு, "கரீபா ஏறுதும்மா, அப்ப மேல அருவில நல்லா விழணும், போய்ப் பாத்துட்டு படம் அனுப்பு."

2025 மே 12 சித்ரா பௌர்ணமி. லாட்ஜுக்கு போன் போட்டு ரூம் சொல்லியாச்சு. கேட்டு ராத்திரி தெறக்கறாங்களான்னும் ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிட்டேன். கேமரா ஸ்டாண்டு ஒண்ணு வாங்கணும், அது மட்டும் பாக்கி.